இணைய அங்காடியில் உங்கள் பெயரில் பிறர் விற்றால்: மலேசியச் சிறு வணிகர்களுக்கான வழிகாட்டி

தீபாவளி நெருங்கும் வாரங்களில் பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டிலோ மசாலாத்தூள், முறுக்கு, ஊதுபத்தி, சேலை விற்கும் ஒரு சிறு கடைக்காரர் ஷோப்பியிலோ லசாடாவிலோ தம் கடைப் பெயரைத் தட்டிப் பார்த்தால், தாம் ஏற்றாத பொருளும் தம் பெயரில் வந்து நிற்பது இன்று அரிதான செய்தி அல்ல. விலை இரண்டு ரிங்கிட் குறைவாக இருக்கும். படம் அவரே எடுத்த படமாக இருக்கும். வாங்கியவர் எழுதும் வசவு மட்டும் அவர் கடைக்கு வந்து சேரும். அப்போது பலரும் கோபத்தோடு ‘போலி’ என்று ஒரு புகாரை அனுப்புகிறார்கள். சில நாளில் ‘போதிய ஆதாரம் இல்லை’ என்று பதில் வருகிறது. இத்தகைய புகார்கள் தோற்பதற்குக் காரணம் எப்போதும் உரிமை இல்லாமை அல்ல. எதிரில் நிற்பவர் செய்வது எந்த வகைத் தவறு என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சூட்டிப் படிவத்தை நிரப்புவதே பெரிய காரணம் என்பது என் கருத்து. ஆகவே உரிமையை எப்படிப் பெறுவது என்பதையும், பெற்ற பிறகு எந்த எதிரிக்கு எந்த வழி என்பதையும் இங்கே விளக்கமாகப் பார்ப்போம்.

எஸ்.எஸ்.எம். சான்றிதழ் போதாது

பிரச்சினை வந்தவுடன் கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டுவது எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தின் வணிகப் பதிவுச் சான்றிதழைத்தான். 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அந்தத் தாள், நீங்கள் இந்தப் பெயரில் தொழில் நடத்துகிறீர்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரிவித்ததற்கான அத்தாட்சி மட்டுமே. அந்தப் பெயரைப் பொருள்மீது ஒட்டி விற்கும் தனியுரிமையை அது தருவதில்லை. சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனமாகவே பதிவு செய்திருந்தாலும் நிலைமை இதுதான். அந்தத் தனியுரிமையைத் தருவது 2019-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம். அது 2019 டிசம்பர் 27 அன்று நடைமுறைக்கு வந்து, அதுவரை இருந்த 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. பதிவை நடத்துவது மைஐபிஓ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகம். விண்ணப்பத்தை இணையம் வழியாகவே கொடுக்கலாம். இதற்காகக் கோலாலம்பூருக்கு ரயிலேற வேண்டிய தேவை பினாங்குக்காரருக்கு இல்லை.

விண்ணப்பிக்கும் முன் பெயரையே ஒருமுறை கறாராக எடைபோட வேண்டும். ‘தரமான கறி மசாலா’, ‘பினாங்கு ஊறுகாய்’ போன்றவை பொருளின் தன்மையையோ பிறந்த ஊரையோ சொல்லும் சொற்கள். அவற்றை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாடச் சட்டம் எளிதில் விடாது. நம் மக்களிடையே இன்னொரு சிக்கலும் உண்டு. கடைக்குத் தெய்வத்தின் பெயரை வைப்பது வழக்கமாக இருப்பதால், முருகன், லட்சுமி, மாரியம்மன் என்ற பெயர்களில் முன்பே எத்தனையோ கடைகள் இயங்குகின்றன. அத்தகைய பெயரைத் தனியே பதிவு செய்வது கடினம், பதிவானாலும் அதைக் காத்து நிற்பது அதைவிடக் கடினம். அந்தப் பெயரோடு குடும்பப் பெயரையோ, ஒரு புதுச்சொல்லையோ, தனித்துத் தெரியும் ஓவியத்தையோ சேர்த்து ஒரு முழுச் சின்னமாக்குவது நல்லது. அகராதியில் இல்லாத, பொருளோடு தொடர்பற்ற சொல் கிடைத்தால் அதற்கு நிகர் வேறில்லை.

அடுத்தது தேடல். மைஐபிஓவின் இணையத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடலாம். தேடும்போது ஓர் எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடக் கூடாது. லட்சுமி என்ற ஒரே பெயரை இந்நாட்டில் ரோமன் எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம். பழைய பிறப்புச் சான்றிதழ்களில் இருக்கும் கூட்டல் ஒன்று, தமிழகத்துப் பொட்டலங்களில் இருக்கும் கூட்டல் இன்னொன்று. ஒலி ஒத்திருந்தால் சின்னமும் ஒத்திருப்பதாகவே பரிசோதகர் கருத இடமுண்டு என்பதால், எல்லாக் கூட்டல்களிலும் தேடுவது அவசியம்.

சின்னத்தில் தமிழ் எழுத்து இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் விண்ணப்பத்தோடு தர வேண்டும். தமிழ் எழுத்து வடிவத்தை மட்டும் பதிவு செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நான் ஊக்குவிப்பதில்லை. இணைய அங்காடியில் வாங்குபவர் தட்டித் தேடுவது பெரும்பாலும் ரோமன் எழுத்தில். போலி விற்பவர் தலைப்பில் போடுவதும் அதே எழுத்தில்தான். ஆகையால் வெறும் சொல்லை ரோமன் எழுத்தில் ஒரு சின்னமாகவும், பொட்டலத்தில் உள்ள படத்தோடு கூடிய வடிவத்தை வசதி வரும்போது இன்னொன்றாகவும் பதிவு செய்வது மேல். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் சொல்லுக்கே முதலிடம் கொடுங்கள். படம் ஐந்து ஆண்டில் மாறும், பெயர் மாறாது.

வகுப்பு, கட்டணம், உரிமையாளர்

உலகெங்கும் பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மசாலாத்தூள், காப்பி, தேயிலை, மாவுப் பண்டங்கள் 30-ஆம் வகுப்பு, ஊறுகாய், நெய், சமையல் எண்ணெய் 29, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், சோப்பு, ஊதுபத்தி 3, சேலை, ஜிப்பா 25, நகை 14, உணவகம் 43, பிறர் பொருள்களை வாங்கி விற்கும் சில்லறை வணிகச் சேவை 35. மசாலாவும் ஊறுகாயும் ஒரே அடுக்கில் இருந்தாலும் வகுப்பு வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 30-இல் மட்டும் பதிந்துவிட்டு, ஊறுகாய்ப் போலிக்கு எதிராக அந்தச் சான்றிதழை நீட்டினால் இணைய அங்காடியின் அதிகாரி அங்கேயே தயங்குவார். ஒரே விண்ணப்பத்தில் பல வகுப்புகளைக் கேட்க இப்போதைய சட்டம் இடம் தருகிறது. ஆனால் கட்டணம் வகுப்புக்கு ஒன்று.

இப்போதைய சட்டத்தோடு வந்த கட்டண அட்டவணைப்படி, மைஐபிஓ முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட பட்டியலிலிருந்து பொருள் விவரத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வகுப்புக்கு 950 ரிங்கிட். சொந்தச் சொற்களில் எழுதினால் 1,100 ரிங்கிட். பட்டியலில் உங்கள் பொருளுக்கு நெருங்கிய சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வது பணத்துக்கும் நல்லது, ஆட்சேபம் வராமலிருக்கவும் நல்லது. பரிசோதனை முடிந்து சின்னம் அதிகாரபூர்வ இதழில் வெளியான நாளிலிருந்து 2 மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு இல்லையென்றால் பதிவு கிடைக்கும். விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டுக்கு அது செல்லும், பிறகு பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். உரிமை விண்ணப்பத் தேதியிலிருந்தே கணக்கிடப்படுகிறது என்பதால், போலி வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதில் இலாபம் ஒன்றும் இல்லை.

யார் பெயரில் விண்ணப்பிப்பது என்ற கேள்வி சிறு வணிகக் குடும்பங்களில் சாதாரணமானது அல்ல. அப்பா தொடங்கிய கடை, மூத்த அண்ணன் பார்க்கும் கணக்கு, தங்கை நடத்தும் இணையக் கடை என்றிருக்கும் இடத்தில், விவரம் தெரிந்த ஒருவர் தம் பெயரில் விண்ணப்பித்துவிட்டால் சட்டத்தின் பார்வையில் சின்னத்துக்கு அவர்தான் உரிமையாளர். பாகப்பிரிவினை வரும்போது கடைக்கட்டடத்தைவிடப் பெயரே விலை உயர்ந்த சொத்தாக நிற்பதுண்டு. நிறுவனம் இருந்தால் நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் பங்காளிகள் அனைவரும் ஒப்பமிட்ட ஓர் ஒப்பந்தமாவது இருக்கட்டும். இணையக் கடைக் கணக்கும் அதே உரிமையாளரின் பெயரில் இருப்பது, பின்னால் புகார் கொடுக்கும்போது பாதி வேலையைக் குறைக்கும்.

பதிவு கையில் வரும் முன் பொட்டலத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் போடாதீர்கள். பதிவாகாத சின்னத்தைப் பதிவானதாகக் காட்டுவது சட்டப்படி குற்றம். அதுவரை ‘டிஎம்’ என்ற இரண்டெழுத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

பதிவு இல்லாதவரின் நிலை

பதிவு இல்லாத கடைக்காரர் முற்றிலும் கைவிடப்பட்டவர் அல்லர். தம் பெயருக்கு நற்பெயர் உண்டு, எதிரி செய்வது வாங்குபவரைத் திசைதிருப்புகிறது, அதனால் தமக்கு இழப்பு நேர்கிறது என்ற மூன்றையும் மெய்ப்பித்தால், தம் பொருளைப் பிறர் பொருளாகக் காட்டி விற்கும் தவறுக்கு எதிராக உயர் நீதிமன்றம் செல்லலாம். மூன்றையும் மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதற்குக் கோலாலம்பூரே ஒரு பாடம் தந்திருக்கிறது. ஜாலான் ஈப்போவில் 1999-இல் தொடங்கிய மெக்கறி உணவகத்தின் மீது மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் இந்த அடிப்படையில்தான் வழக்குப் போட்டது. 2006-இல் உயர் நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு கூட்டரசு நீதிமன்றமும் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. உணவு வகை வேறு, கடையின் தோற்றம் வேறு என்ற நிலையில், பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் வைத்து வாங்குபவர் மயங்கினார் என்று காட்ட முடியவில்லை. உலகப் பெரும் நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், பெயரில் ஓரசை ஒத்திருக்கிறது என்ற ஒன்றை மட்டும் நம்பி நாம் நீதிமன்றப் படியேறுவது அறிவுடைமை ஆகாது. பதிவு இல்லாதவர் விற்பனை ரசீதுகள், பழைய விளம்பரங்கள், நாளிதழ் நறுக்குகள், குழம்பிப்போன வாடிக்கையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைத் தேதியோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். பின்னால் பேசப்போவது அவைதாம்.

எதிரில் நிற்பவர் யார்?

புகார்ப் படிவத்தைத் திறக்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை காணுங்கள். ஒரே தேடலில் வரும் பத்துப் பட்டியல்களில் நான்கு வகையினர் கலந்திருப்பார்கள்.

முதலாமவர், உங்களிடமோ உங்கள் மொத்த வியாபாரியிடமோ அசல் பொருளை வாங்கி, அதை அப்படியே மறுவிற்பனை செய்பவர். அவர் உங்களைவிடக் குறைந்த விலைக்கு விற்பது எரிச்சலாக இருக்கலாம். ஆனால் உங்கள் சம்மதத்தோடு சந்தைக்கு வந்த அசல் பொருளைத் திரும்ப விற்பது சின்ன மீறல் அல்ல. பொட்டலத்தைப் பிரித்து வேறு பையில் அடைத்தாலோ, தேதியை அழித்து ஒட்டினாலோ கதை வேறு. அவருக்கு எதிராகச் சின்னப் புகார் கொடுத்தால் அது தள்ளுபடியாவதோடு, அடுத்து நீங்கள் கொடுக்கும் உண்மையான புகாரின் மதிப்பும் குறையும். விலைப் போட்டியை முகவர் ஒப்பந்தத்தில்தான் தீர்க்க வேண்டும்.

இரண்டாமவர் தம் சொந்தப் பொருளை விற்கிறார். ஆனால் பட்டியலின் தலைப்பில் உங்கள் பெயரையும் செருகியிருக்கிறார், தேடுபவர் கண்ணில் படுவதற்காக. பதிவான சின்னத்தை விளம்பரத்தில் பயன்படுத்துவதும் மீறலுக்குள் வரலாம் என்பதால் இவருக்கு எதிராக வழி இருக்கிறது. பெரும்பாலும் தளத்துக்கு ஒரு புகார் அனுப்பினாலே தலைப்பைத் திருத்திவிடுவார். பெரிய சண்டைக்கு இவர் தகுதியானவர் அல்லர்.

மூன்றாமவர் உங்கள் படத்தைத் திருடியவர். பெயரை மாற்றிவிட்டு, நீங்கள் செய்த பொருளின் புகைப்படத்தையும் விளக்கத்தையும் அப்படியே ஒட்டியிருப்பார். இங்கே சின்ன உரிமை பேசிப் பயனில்லை. 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம்தான் கைகொடுக்கும். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, படம் எடுத்த கணத்திலேயே அது பிறந்துவிடுகிறது. கூலி கொடுத்துப் புகைப்படக்காரரை வைத்து எடுத்திருந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே உரிமை போய்ச் சேரும். மைஐபிஓவில் விருப்பப் பதிவும் செய்துவைக்கலாம். இச்சட்டத்தின்படி முறையான அறிவிப்பு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் இணையச் சேவை வழங்குநர் அந்த உள்ளடக்கத்தை நீக்க வேண்டும் என்பதால், போலிப் பொருள் விற்பவர்கூட உங்கள் படத்தைப் பயன்படுத்தியிருந்தால் பதிப்புரிமைப் புகாரை முதலில் அனுப்புவதே விரைவான வழி என்று நான் சொல்வேன். திருத்தப்படாத மூலப்படக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். கைப்பேசி அதில் பதித்த தேதியும் நேரமும் உங்களுக்குச் சாட்சி.

நான்காமவர்தான் உண்மையான போலிக்காரர். அவரை வெறும் பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பொருளை வாங்கிப் பார்க்க வேண்டும். அசல் மீன் கறி மசாலாப் பொட்டலம் ஒன்றையும் வாங்கிய பொட்டலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேல்விளிம்பில் ஒட்டுப்போட்ட கோடுகளின் அகலத்தைப் பாருங்கள். காலாவதித் தேதி மையால் பொறிக்கப்பட்டதா, பொட்டலத்தோடு அச்சடிக்கப்பட்டதா என்று பாருங்கள். விரலை நனைத்துத் தேய்த்தால் அழிகிறதா என்று பாருங்கள். தமிழ் எழுத்துகளில் புள்ளி விடுபட்டிருப்பதும், ‘ழ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ள’ நிற்பதும், எழுத்து தெரியாதவர் கணினியில் படத்தை மறுபடி வரைந்ததைக் காட்டிக்கொடுக்கும். தயாரிப்பாளரின் முகவரி, ஹலால் முத்திரை, சுகாதார அமைச்சின் மெஸ்தி முத்திரை ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இந்த வேறுபாடுகளை எழுதி, எண்ணிட்டு, படத்தோடு ஒரு பக்கத்தில் தொகுத்தால் அதுவே உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

சான்று சேர்த்தல்

எதிரிக்கு ஒரு வார்த்தை எழுதும் முன்பே சான்று சேர்த்து முடித்திருக்க வேண்டும். ‘ஏன் என் பெயரைப் போட்டிருக்கிறாய்?’ என்று உரையாடல் பெட்டியில் கேட்ட மறுகணமே பட்டியல் மறைந்துவிடும்; நாளை வேறு கணக்கில் முளைக்கும். முழுப் பக்கத்தையும், அதன் இணைய முகவரியும் தேதியும் நேரமும் தெரியும்படி திரைப்பதிவு செய்யுங்கள்; விற்பனையான எண்ணிக்கை, வாங்கியவர் கருத்துகள், விற்பவரின் கடைப் பக்கம் ஆகியவற்றையும் விடாதீர்கள். பிறகு நம்பகமான ஒருவரைக் கொண்டு ஒரு பொட்டலத்தை வாங்குங்கள். பொருள் வந்ததும், பிரிக்கப்படாத உறையிலிருந்து தொடங்கி ஒரே ஓட்டத்தில் காணொளி எடுங்கள். உறைமீது ஒட்டிய அஞ்சல் சீட்டை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அனுப்பியவர் பெயரோ எந்த ஊரிலிருந்து பொருள் கிளம்பியது என்பதோ தளம் காட்டாத இடத்தில் அந்தச் சீட்டு காட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளின் பொட்டலங்கள் ஒரே முகவரியிலிருந்து வருவதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

வாங்கியவர் நடந்ததை ஒரு சத்தியப் பிரமாணமாக எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒப்பமிட்டு வைப்பது நல்லது. வழக்கு நீதிமன்றம் செல்லும் என்று தோன்றினால், கணினியிலிருந்து எடுத்த அச்சுப்படிகளை 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவுக்கு ஏற்பச் சான்றளித்து வைக்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

தளத்திடம் புகார்

ஷோப்பி, லசாடா, டிக்டாக் ஷாப் மூன்றிலும் வாங்குபவர் அழுத்தும் சாதாரணப் புகார்ப் பொத்தான் வேறு, உரிமையாளருக்கென்று இருக்கும் அறிவுசார் சொத்துப் புகார்த் தளம் வேறு. நூறு பேரைக் கொண்டு முதல் பொத்தானை அழுத்தச் செய்வதைவிட இரண்டாவதில் ஒரு கணக்குத் திறப்பது பலன் தரும். அங்கே முதலில் நீங்கள் யார் என்பதையும் சின்னம் உங்களுடையது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் புகார் கொடுப்பவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது உரிமையாளர் தந்த அதிகாரக் கடிதம் இருக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பைப் பண்டிகைக் காலத்தில் தொடங்காமல், சான்றிதழ் கைக்கு வந்த வாரமே முடித்து வையுங்கள்.

புகாரை எழுதும்போது உணர்ச்சியைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். ‘இவர் எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்’ என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதைப் படிப்பவர் நாள் முழுவதும் இத்தகைய புகார்களைப் பார்க்கும் ஓர் ஊழியர். அவருக்கு வேண்டியது பதிவு எண், வகுப்பு, பட்டியலின் முகவரி, சின்னம் எந்த இடத்தில் தெரிகிறது, இவை நான்கும்தான். சோதனைக்கு வாங்கிய பொருளின் ஒப்பீட்டுப் பக்கத்தை இணையுங்கள். ஒரு கடையின் ஐந்து பட்டியல்கள் மீறலாக இருந்தால் ஐந்தின் முகவரியையும் தனித்தனியே தாருங்கள். கடைப்பெயரை மட்டும் சொன்னால் ஒன்றை நீக்கிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். விற்பவர் மறுப்புத் தெரிவிக்க அவருக்கும் வாய்ப்பு உண்டு. அவர் ஒரு முகவர் கடிதத்தைக் காட்டினால், அது நீங்கள் கொடுத்ததா, எப்போது காலாவதியானது என்று சொல்ல உங்கள் முகவர் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். கடிதம் கொடுக்கும்போதே முடியும் தேதியைக் குறிப்பிடுவது ஏன் அவசியம் என்பது அன்று புரியும்.

பட்டியல் நீங்கியதும் அதே ஆள் புதுக் கணக்கில் வருவார். பழைய புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு, படமும் அஞ்சல் முகவரியும் ஒன்றே என்று காட்டி மறுபடி எழுதுங்கள். திரும்பத் திரும்ப மீறும் கணக்கை முடக்கும் விதி தளங்களிடம் இருக்கிறது; அதைச் செயல்படுத்த வைப்பது உங்கள் கோப்பின் ஒழுங்குதான்.

அமைச்சும் எச்சரிக்கைக் கடிதமும்

பதிவான சின்னத்தைப் போலியாக ஒட்டுவதும், அப்படி ஒட்டிய பொருளை விற்பதும் வெறும் இருவர் பூசல் அல்ல, குற்றம். விற்பவர் தனிநபராக இருந்தால் ஒவ்வொரு போலிப் பொருளுக்கும் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 15,000 ரிங்கிட் வரை. இதை அமல்படுத்துவது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அமலாக்கப் பிரிவு. சான்றிதழ், அசல், போலி, ஒப்பீட்டுப் பக்கம், சரக்கு இருக்கும் இடத்தைப் பற்றிய தகவல் ஆகியவற்றோடு போனால் அதிகாரிகள் செயல்பட எளிது. ‘இணையத்தில் எங்கோ விற்கிறார்கள்’ என்று மட்டும் சொன்னால் அவர்களால் கதவு எதையும் தட்ட முடியாது. அஞ்சல் சீட்டின் அருமை இங்கேயும் தெரியும். சின்னம் அச்சு அசலாக இல்லாமல் சாயலாக மட்டும் இருந்தால் பதிவாளரின் சரிபார்ப்பும் தேவைப்படும் என்பதால் காலம் கூடும்.

உணவுப் பொருளாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயரும் முகவரியும் சிட்டையில் இருக்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் சொல்கின்றன. போலிக்காரரோ தம் முகவரியைப் போட மாட்டார், உங்கள் முகவரியைப் போட்டிருப்பார் அல்லது எதுவும் போட்டிருக்க மாட்டார். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோவதற்கு உங்களுக்குச் சின்னப் பதிவுகூடத் தேவையில்லை. பொய்யான ஹலால் முத்திரை இருந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சு அதைத் தனிக் குற்றமாகவே எடுத்துக்கொள்ளும்.

வழக்கறிஞர் மூலம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவது செலவு குறைந்த வழிதான். ஆனால் நீங்களே உட்கார்ந்து ‘வழக்குப் போடுவேன், சிறைக்கு அனுப்புவேன்’ என்று எழுதி அனுப்பாதீர்கள். அடிப்படையில்லாமல் மீறல் வழக்கு என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவர் உங்கள்மீது நீதிமன்றம் சென்று தடையுத்தரவும் இழப்பீடும் கேட்க 2019-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. விண்ணப்பம் மட்டும் கொடுத்துவிட்டுப் பதிவாகும் முன்பே மீறல் என்று மிரட்டுபவருக்கு இந்த ஆபத்து அதிகம்.

எதிரி முந்திக்கொண்டால்

உங்கள் பெயரை உங்கள் பழைய முகவரே தம் பெயரில் பதிவு செய்யக் கொடுத்திருக்கிறார் என்ற செய்தி வந்தால், அதிகாரபூர்வ இதழில் வெளியான தேதியைப் பாருங்கள். 2 மாதம் கடக்கவில்லை என்றால் எதிர்ப்பு மனுவே மலிவான, நேரான வழி. கடந்து பதிவாகிவிட்டது என்றால், அவருடைய விண்ணப்பத்துக்கும் பயன்பாட்டுக்கும் முன்பிருந்தே நீங்கள் நேர்மையாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறீர்கள் என்று காட்டினால், அதுவே உங்களுக்குத் தற்காப்பு. அந்தப் பதிவைச் செல்லாததாக்கும்படி உயர் நீதிமன்றத்தையும் கேட்கலாம். பதிவு செய்துவிட்டு 3 ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாமல் வைத்திருப்பவரின் பதிவையும் நீக்கக் கோரலாம். இந்த விதி உங்களையும் கட்டுப்படுத்தும் என்பதால், எதிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பத்து வகுப்புகளை வாங்கிப் பூட்டி வைப்பதில் பொருளில்லை.

மலேசியப் பதிவு மலேசியாவுக்குள் மட்டுமே செல்லும். ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர்த் தளத்தில் உங்கள் பெயரில் விற்பவரிடம் அது பேசாது. 2019 டிசம்பரில் மலேசியா மட்ரிட் நெறிமுறை என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்திருப்பதால், இங்குள்ள விண்ணப்பத்தையோ பதிவையோ அடிப்படையாக வைத்து மைஐபிஓ வழியாகவே பிற நாடுகளையும் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம். உண்மையில் பொருள் போகும் நாடுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

பெரும்பாலான சண்டைகள் தீர்ப்பு வரை போவதில்லை. எதிரி ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, ‘விட்டுவிடுகிறேன்’ என்பார். அந்த வாய்மொழியை ஏற்றுக்கொண்டு புகாரைத் திரும்பப் பெறாதீர்கள். கையில் எத்தனை பொட்டலம் மிச்சம், அவற்றை எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பார் அல்லது அழிப்பார், பொட்டலத்தை அச்சடித்துக் கொடுத்த அச்சகம் எது, அச்சுத் தகடுகள் யாரிடம் உள்ளன, எந்தெந்தத் தளத்தில் எந்தெந்தக் கணக்குகளை மூடுவார், மீண்டும் செய்தால் எவ்வளவு தொகை தருவார் என்பவற்றை எழுத்தில் வாங்கி, அடையாள அட்டை எண்ணோடு ஒப்பமிடச் செய்து, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிய பிறகே திரும்பப் பெறுங்கள்.